டீச்சரைக் கேளுங்கள்: லீடர் பேட்ஜுக்கு எத்தனை மார்க்?

ஜூலையில் பள்ளிகளில் லீடர் தேர்வு நடக்கும். ஆகஸ்டில் எனக்குக் கடிதங்கள் வரும். இந்த மாதம் வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே ரகம். மன்றம், என்.சி.சி., மாணவர் தலைவர் பதவி இதெல்லாம் பிள்ளையின் எதிர்காலத்துக்கு உதவுமா, இடைஞ்சலா என்று கேட்கிறார்கள். புதுக்கோட்டைப் பக்கம் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாகவும், பிறகு தலைமை ஆசிரியையாகவும் இருந்தவள் நான். நன்னடத்தைச் சான்றிதழ் எழுதி எழுதித் தேய்ந்த கை இது. பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். கல்லூரி ஏஜென்ட் மாதிரி இனிக்க இனிக்கச் சொல்ல எனக்கு வராது.

கேள்வி: என் மகன் பிளஸ் 2 படிக்கிறான். ஜூலையில் அவனைப் பள்ளி மாணவர் தலைவனாக, அதாவது எஸ்.பி.எல். ஆக்கினார்கள். முதல் இடைத்தேர்வில் கணக்கில் மார்க் இறங்கிவிட்டது. "பேட்ஜைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வா" என்கிறார் என் வீட்டுக்காரர். பையன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இன்ஜினீயரிங் சேர்க்க ஆசை. என்ன செய்யட்டும் டீச்சர்?
(ஒரு அம்மா, திருமங்கலம்)

பதில்: உங்கள் வீட்டுக்காரர் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்குப் போடுகிறார்கள். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. எஸ்.பி.எல். பேட்ஜுக்கு அதில் அரை மார்க் கிடையாது. மருத்துவம் என்றால் நீட் மதிப்பெண். விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, ஆனால் அது களத்தில் ஜெயித்து வாங்கிய சான்றிதழுக்கு. விளையாட்டு விழாவில் கொடி பிடித்து முன்னால் நடந்ததற்கு ஒன்றும் வராது. அதனால் "லீடரா இருந்தா காலேஜ் சீட்டுக்கு நல்லது" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

சரி, மார்க் இறங்கியது பதவியால்தான் என்று எப்படித் தெரியும்? பிளஸ் 2 முதல் இடைத்தேர்வில் கணக்கு பல பிள்ளைகளின் காலை வாரும். ஒரு வாரத்துக்கு, எந்தப் பாடவேளையில் வகுப்புக்கு வெளியே இருந்தான், எதற்காக என்று மட்டும் அவனையே ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். திட்டாமல் கேட்டால் உண்மையை எழுதுவான்.

காலை வழிபாட்டில் கட்டளை கொடுக்கப் பத்து நிமிடம் ஆகும். அது யாருடைய கணக்கையும் கெடுக்காது. ஆசிரியர் விடுப்பெடுத்த வகுப்பில் போய் நின்று "சத்தம் போடாதே" என்று கத்துவது, விழாவுக்கு நாற்காலி இறக்குவது, எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறை இணையப் பதிவுக்காக வகுப்பு வகுப்பாகப் போய்த் தாள் வாங்கி வருவது, விருந்தாளிக்கு டீ வாங்கி வருவது, இவைதான் பாடவேளைகளைத் தின்னும். டீ வாங்கப் போவதில் எந்தத் தலைமைப் பண்பும் வளராது. இதை நீங்களே வகுப்பாசிரியரிடம் சொல்லலாம்: "பதவியில் இருக்கட்டும் சார், கணக்குப் பாடவேளையில் மட்டும் வெளியே அனுப்பாதீங்க." பெரும்பாலும் கேட்பார்கள். அம்மா அப்பா வந்து சொன்னால் எங்களுக்கும் கொஞ்சம் பயம்தான்.

பதவியை ஏன் விடச் சொல்ல மாட்டேன் என்றால், அது பலன் தருகிற இடம் வேறு. என்னிடம் படித்த ஒரு பெண் எஸ்.பி.எல். ஆனதும் சத்துணவு வரிசையில் கையை வைத்தாள். மணி அடித்ததும் பெரிய வகுப்புப் பெண்கள் முன்னால் ஓடிவிடுவார்கள். ஆறாம் வகுப்புக் குழந்தைகள் சாப்பிட்டு முடிப்பதற்குள் அடுத்த மணி அடித்துவிடும். அவள் சத்துணவு அமைப்பாளரிடமும் பி.இ.டி. டீச்சரிடமும் பேசி, சின்ன வகுப்புகளைப் பத்து நிமிடம் முன்னால் விடும்படி செய்தாள். அதற்கு முன்னால் பெரிய வகுப்புப் பெண்களின் வசவை வேண்டிய மட்டும் வாங்கினாள். பல வருடம் கழித்து, பட்டம் முடித்து ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, "நீங்களாக முன்வந்து தீர்த்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். கூட வந்தவர்கள் பாடமாக்கிவைத்த பதிலைச் சொல்ல, இவள் சத்துணவு வரிசையைச் சொல்லியிருக்கிறாள். யார் எதிர்த்தார்கள், எப்படிச் சமாளித்தாள், எது கடைசிவரை சரியாகவில்லை என்று கேள்வி மேல் கேள்வி வந்ததாம். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. வேலை அதனால்தான் கிடைத்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் எழுந்து வரும்போது நடுக்கம் இல்லை என்று சொன்னாள்.

பொறியியலிலும் கடைசி வருடம் நான்கு பேர் சேர்ந்து புராஜெக்ட் செய்ய வேண்டும். ஒருவன் வேலை செய்வான், மூன்று பேர் பெயர் போடுவார்கள். சண்டை போடாமல் அந்த மூவரை வேலை வாங்கத் தெரிந்தவனுக்குக் கம்பெனியில் மதிப்பு. அதைப் பாடப் புத்தகத்தில் வைக்க முடியாது.

ஒரு ஏற்பாடு செய்யுங்கள். அரையாண்டுத் தேர்வோடு பொறுப்பைப் பிளஸ் 1 துணைத் தலைவரிடம் ஒப்படைத்துவிடட்டும். ஜனவரியில் திருப்புதல் தேர்வு, பிப்ரவரியில் செய்முறை, மார்ச்சில் பொதுத்தேர்வு. அந்த மூன்று மாதம் அவன் வெறும் மாணவன். அதுவரை பேட்ஜ் சட்டையில் இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு ராணுவ அதிகாரி ஆக வேண்டும் என்று ஆசை. எங்கள் பள்ளியில் என்.சி.சி. கிடையாது, ஜே.ஆர்.சி. என்கிற ஜூனியர் ரெட் கிராஸ் மட்டும்தான். அதனால் வாய்ப்புக் குறைந்துவிடுமா? பெண் என்பதால் வீட்டில் சிரிக்கிறார்கள்.
(பிளஸ் 1 மாணவி, பரமக்குடி)

பதில்: சிரிப்பவர்களுக்கு முதல் செய்தி. தேசியப் பாதுகாப்பு அகாடமி, அதாவது என்.டி.ஏ.வின் நுழைவுத் தேர்வை எழுதப் பெண்களுக்கு 2021-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. 2022-ல் முதல் பெண்கள் அணி உள்ளே போனது. 2025 மே மாதம் அவர்களில் 17 பேர் அங்கே படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். வீட்டில் இதை ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டு.

என்.டி.ஏ.வுக்கு எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண், எஸ்.எஸ்.பி. என்கிற நேர்முகத் தேர்வு 900 மதிப்பெண். எழுத்துத் தேர்வில் கணிதத்துக்கு 300, பொதுத் திறனுக்கு 600. ஆங்கிலமும் அந்த 600-க்குள் வருகிறது. பள்ளியில் என்.சி.சி. இருந்திருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை. இந்த வழி கிடைக்காவிட்டால் இன்னொன்று இருக்கிறது. கல்லூரியில் என்.சி.சி. சேர்ந்து ‘சி’ சான்றிதழை ‘பி’ கிரேடுக்குக் குறையாமல் வாங்கி, பட்டப்படிப்பில் 50 சதவீதம் எடுத்தால், ராணுவத்தின் என்.சி.சி. சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு எழுத்துத் தேர்வு இல்லை, விண்ணப்பங்களைச் சலித்து நேராக எஸ்.எஸ்.பி.க்குக் கூப்பிடுவார்கள். தேர்வானால் பயிற்சி வேறெங்கும் இல்லை, நம்ம சென்னைப் பரங்கிமலையில்தான். கல்லூரி தேடும்போது அங்கே பெண்களுக்கான என்.சி.சி. பிரிவு உண்டா என்று கேட்டுவிட்டு விண்ணப்பம் போடு. இதை நிறையப் பேர் சேர்ந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

உன் ஜே.ஆர்.சி. எங்கே உதவும்? எஸ்.எஸ்.பி.க்குப் போனதும் பி.ஐ.க்யூ. என்றொரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். என்ன விளையாடினாய், என்ன பொழுதுபோக்கு, என்.சி.சி., சாரணர், மன்றம் எதிலாவது என்ன பொறுப்பு வகித்தாய் என்று அதில் கட்டம் கட்டமாகக் கேட்டிருக்கும். நேர்காணல் செய்கிற அதிகாரி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். ‘ஜே.ஆர்.சி. செயலர்’ என்று எழுதிவிட்டு, ரெட் கிராஸை யார் தொடங்கினார், உங்கள் மன்றம் என்ன செய்தது என்று கேட்டால் விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வருடம் முழுக்க அவர்கள் செய்தது கொடி விற்றது மட்டும்தான். நீ அப்படி இருக்காதே. முதலுதவிப் பெட்டி உங்கள் பள்ளியில் எங்கே இருக்கிறது, அதில் காலாவதியான மருந்து எது என்று போய்ப் பார். அதைச் சரி செய்யும் வேலையை ஏற்றுக்கொள். மூக்கில் ரத்தம் வடிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கீழ்வகுப்புகளுக்குச் சொல்லிக் கொடு. ஒரு வருடத்தில் பேச உன்னிடம் நிறைய இருக்கும்.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள் நடக்கும். கடற்படைக்கான தேர்வு வாரியம் ஒன்று கோவையிலேயே இருக்கிறது. எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழுவிடம் பலகை, கயிறு, டிரம் கொடுத்து, தரையில் கால் படாமல் தடையைக் கடக்கச் சொல்வார்கள். யாரும் தலைவர் என்று சொல்ல மாட்டார்கள். சத்தமாகப் பேசுகிறவர்தான் ஜெயிப்பார் என்று நினைக்காதே. அடுத்தவர் சொன்ன யோசனை நன்றாக இருந்தால் "அதையே செய்வோம்" என்று பலகையைத் தூக்குகிறவரையும் அங்கே கவனிக்கிறார்கள். இதற்கெல்லாம் பழக்கம் கபடித் திடலிலும் கோகோவிலும் கிடைக்கும். அப்புறம், தினமும் ஓடு.

(இதே மாதிரி கேட்டு எழுதிய சாயல்குடித் தம்பிக்கு: தமிழ்நாடு காவல்துறை இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் என்.சி.சி., நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு ஆகியவற்றின் சான்றிதழ்களுக்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு. சான்றிதழ் நேரடியாக மார்க் ஆகிற அபூர்வமான இடங்களில் அது ஒன்று. பத்திரமாக வை.)

கேள்வி: மகள் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு. அமெரிக்காவில் படிக்க வேண்டும் என்கிறாள். ஆலோசனை நிறுவனம் ஒன்று, "மார்க் மட்டும் போதாது, தலைமைப் பண்பு காட்ட வேண்டும். இரண்டு லட்சம் கட்டுங்கள், அவள் பெயரில் தொண்டு அமைப்பு தொடங்கி, வெப்சைட் போட்டு, சான்றிதழும் தருகிறோம்" என்கிறது. கட்டலாமா? அவள் இப்போது செய்வதெல்லாம் பாட்டியின் ரோஜாத் தோட்டத்துக் கணக்கை எழுதுவதும், தம்பியைப் பார்த்துக்கொள்வதும்தான்.
(ஒரு அப்பா, ஓசூர்)

பதில்: கட்டாதீர்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் மார்க்குக்கு வெளியேயும் பார்க்கிறார்கள் என்பது உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. அங்கே பல கல்லூரிகளுக்கும் சேர்த்து ‘காமன் ஆப்’ என்று ஒரே விண்ணப்பம் இருக்கிறது. அதில் பள்ளிக்கு வெளியே, உள்ளே செய்தவற்றை எழுதப் பத்து இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துதான், வார்த்தை இல்லை, எழுத்து. கூடவே வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம், எந்தெந்த வகுப்பில் செய்தாய் என்று கேட்கிறார்கள். பத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்றும் இல்லை.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டியது இது. அந்தப் பத்துக்கு என்னென்ன வகை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் விளையாட்டு, இசை, விவாத மன்றம் எல்லாம் வருவது போலவே ‘குடும்பப் பொறுப்புகள்’ என்று ஒரு வகையும், ‘சம்பள வேலை’ என்று ஒரு வகையும் இருக்கின்றன. நீங்கள் கடிதத்தில் "எல்லாம்... தான்" என்று தள்ளிவிட்ட இரண்டுமே அங்கே செல்லும் சங்கதிகள். பாட்டி தோட்டத்தில் ஒரு நாள் எத்தனை கட்டுப் பூ போகிறது, காதலர் தினத்துக்கு முன்னால் விலை எப்படி ஏறுகிறது, மருந்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று ஒரு பதினைந்து வயதுப் பெண் மூன்று வருடம் கணக்கு வைத்திருந்தால், அதைப் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். காசு கொடுத்து ஆரம்பித்த தொண்டு அமைப்புகளை அவர் நிறையப் பார்த்திருப்பார்.

அவளிடம் சொல்லுங்கள்: கணக்கை எழுதுவதோடு நிற்காமல் ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளட்டும். எந்த மாதம் நட்டம் வந்தது, ஏன்? எந்த வியாபாரி பாக்கி வைக்கிறார்? பாட்டியிடம் ஒரு யோசனை சொல்லி, அதைப் பாட்டி கேட்டாரா, கேட்டு என்ன ஆனது? பாட்டி கேட்கவில்லை என்றாலும் அது எழுதத் தகுந்த கதைதான். அவள் பொருளாதாரமோ வேளாண்மையோ படிக்கப் போகிறாள் என்றால் கட்டுரைக்கு வேறு எங்கும் போக வேண்டாம். வானவியல்தான் வேண்டும் என்றால், அப்போது வானத்தைப் பார்க்கிற வேலை ஏதாவது ஒன்றும் கூட இருக்க வேண்டும், அவ்வளவே.

பரிந்துரைக் கடிதம் பற்றியும் ஒரு வார்த்தை. எழுதப்போகும் ஆசிரியருக்கு அவளைத் தெரிந்திருக்க வேண்டும். "ஒழுக்கமானவர், சுறுசுறுப்பானவர்" என்று எல்லோருக்கும் எழுதுகிற வரியால் ஒரு பயனும் இல்லை. நானும் அப்படிப்பட்ட வரிகளைக் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். வகுப்பில் கேள்வி கேட்கிற, ஆய்வகத்தில் கடைசிவரை இருக்கிற பிள்ளையைப் பற்றித்தான் கை தானாக எழுதும். இது காசு கொடுத்து வாங்கும் பொருள் இல்லை.

இங்கிலாந்து என்றால் கணக்கே வேறு. அங்கே பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான யூகாஸ் விண்ணப்பத்தில் 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகள்: இந்தப் படிப்பு ஏன், படித்தவை உன்னை எப்படித் தயார் செய்தன, படிப்புக்கு வெளியே வேறு என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்து. படிக்கப்போகும் பாடத்தோடு ஒட்டியதைத்தான் அங்கே பெரிதாக மதிப்பார்கள். பள்ளிக்கூடத்து லீடர் பதவியை ஒரு வரியில் தாண்டிப் போய்விடலாம்.

இரண்டு லட்சத்தை வங்கியில் போடுங்கள். விமான டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் வேண்டியிருக்கும்.

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் மகிழ் முற்றத்தில் ‘முல்லை’ குழு. தலைவர் பதவி கிடைக்கவில்லை என்று அழுகிறான்.
(ஒரு அம்மா, மணப்பாறை)

பதில்: அழட்டும் அம்மா, ஏழாம் வகுப்பில் அழாமல் எப்போது அழுவது? குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று 2024-ல் அரசுப் பள்ளிகளில் கொண்டுவந்த அந்தக் குழுக்கள், எல்லாக் குழந்தைக்கும் ஏதோ ஒரு இடம் கிடைக்கட்டும் என்றுதான். தலைவர் இல்லாவிட்டாலும் முல்லைக்காக ஓடலாம், பாடலாம், மதிப்பெண் பலகையை எழுதலாம். பலகை எழுதும் வேலையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எல்லாக் குழுவும் அவனைத் தேடி வரும். நீங்கள் மட்டும் பள்ளிக்குப் போய் "என் பிள்ளைக்கு ஏன் கொடுக்கவில்லை" என்று கேட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் பிளஸ் 1 வணிகவியல். ஆடிட்டர் ஆக விருப்பம். மேடையில் ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வகுப்பு லீடர் பதவிக்குப் பெயர் கொடுக்கவே இல்லை. எதிலும் சேராமல் இருந்தால் பின்னால் வருத்தப்படுவேனா?
(மாணவர், சிவகங்கை)

பதில்: தம்பி, லீடர் என்றாலே மைக் பிடிப்பவர் என்று யார் உனக்குச் சொன்னது? 1991-ல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்துப் படித்தார்கள், சைக்கிள் ஓட்டப் படித்தார்கள். கல் உடைக்கிற பெண்கள் சைக்கிளில் போன படங்கள் பத்திரிகைகளில் வந்தன. மேடையில் பாட்டுப் பாடியவர்களை ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது. ஆனால் வகுப்பு ராத்திரி ராத்திரி நடந்ததற்கு, விளக்குக்கு மண்ணெண்ணெய் இருக்கிறதா, யார் மூன்று நாளாக வரவில்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டு வீடு தேடிப் போன ஆட்கள்தான் காரணம். அவர்களில் பலர் உன்னைப் போல நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவர்கள்.

நீ பணம் புழங்குகிற வேலையைக் கேட்டு வாங்கு. சுற்றுலாவுக்கு வசூல், ஆண்டு விழாச் செலவு, பிரிவு உபசார விழாவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று சேர்ப்பது, ஏதாவது ஒன்று வருடா வருடம் இருக்கும், ஏற்க ஆள் இருக்காது. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், ரசீதை ஒட்டிவை. முடிந்ததும் கணக்கை வகுப்பில் சுவரில் ஒட்டு. எங்கள் பள்ளியில் ஒரு பெண் இப்படிச் செய்தபோது பதினோரு ரூபாய் இடித்தது. எல்லோரும் "விடுடி" என்றார்கள். அவள் விடவில்லை. பந்தல்காரர் ரசீதில் கூட்டல் தப்பு. உனக்கு இந்த மாதிரி நேரத்தில் தூக்கம் வராது என்றால் நீ சரியான தொழிலைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய். "பதினோரு ரூபாய்தானே" என்று தோன்றினால் அதுவும் இப்போதே தெரிவது நல்லது.

ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. படிப்பில் ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல் என்று மூன்று கட்டம். நடுவில் ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது வேலைப் பயிற்சி. 2023-ல் வந்த புதிய முறையில் அது இரண்டு வருடம். அங்கே கம்பெனிக்குப் போய், உன்னைவிட இரண்டு மடங்கு வயதுள்ள கணக்காளரிடம் "சார், இந்த வவுச்சர் எங்கே?" என்று கேட்க வேண்டியிருக்கும். மேடைப் பேச்சு வேண்டாம், ஆனால் அந்த ஒரு வரியைக் கண்ணைப் பார்த்துக் கேட்கத் தெரிய வேண்டும். பாக்கி வைத்திருக்கிற வகுப்புத் தோழனிடம் ஐம்பது ரூபாயைக் கேட்டுப் பழகினால் போதும், அதைவிடக் கஷ்டமான வசூல் கிடையாது.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வருடமும் முதல் மார்க் எடுப்பவரே லீடர், அவரே என்.எஸ்.எஸ்., அவரே இலக்கிய மன்றச் செயலர். பெண்களுக்கு வரவேற்புத் தட்டும் கோலமும். கிராமத்துப் பிள்ளைகள் மாலை பஸ்ஸுக்கு ஓடிவிடுகிறார்கள். மாற்ற நினைக்கிறேன், எங்கே தொடங்க?
(முதுகலை ஆசிரியர், தேனி மாவட்டம்)

பதில்: வாழ்த்துகள் சார். ஓய்வறையில் இதைச் சொன்னதற்கே சிலர் முறைத்திருப்பார்கள்.

பஸ்ஸில் தொடங்குங்கள். மன்றக் கூட்டம் நாலரை மணிக்கு மேல் என்றால், பள்ளிக்குப் பக்கத்தில் வீடு உள்ள பிள்ளைக்குத்தான் தலைமைப் பண்பு வளரும். வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளைக்கு மாற்ற முடியுமா பாருங்கள். கால அட்டவணையில் மன்றத்துக்கென்று இருக்கும் வேளையைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்காமல் பார்த்துக்கொள்வதே பெரிய சாதனை.

ஒருவருக்கு ஒரு பொறுப்புதான் என்று எழுதிப் போடுங்கள். முதல் மார்க் எடுக்கும் பிள்ளையின் வீட்டிலிருந்து உங்களுக்கு நன்றிக் கடிதமே வரும். பருவத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் என்ன வேலை என்று நாலு வரி எழுதி ஒட்டுங்கள். எழுத உட்கார்ந்தால்தான் சில பதவிகளுக்கு வேலையே இல்லை என்பது தெரியும். அவற்றை எடுத்துவிடலாம். கோலம் போடத் தெரிந்த பையன் இருப்பான், ஒலிபெருக்கி கட்டத் தெரிந்த பெண் இருப்பாள், கேட்டுப் பாருங்கள்.

தேர்தல் வைத்தால் ரகசிய வாக்கெடுப்பாக வையுங்கள், கை தூக்கச் சொல்லாதீர்கள். கை தூக்கினால் யார் யாருக்குத் தூக்கினார்கள் என்பது அன்று சாயங்காலமே தெருவுக்குப் போய்விடும். நான் எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரியும். சாதியைத்தான். 2023-ல் நாங்குநேரியில் சாதிப் பகையில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரைக்கும் அது பேசியது. லீடர் பட்டியலில் ஒரே தெருப் பெயர்களாக இருந்தால் பிள்ளைகள் அதை நம்மைவிட முன்னால் கவனித்துவிடுகிறார்கள். பட்டியலைப் படித்துக் காட்டும் முன் ஒருமுறை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

கலைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக்கும் பறைக்கும் தைரியமாக வருகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், வகுப்பில் கடைசி பெஞ்ச். அவர்களில் ஒருவரிடம் ஒத்திகை நடத்தும் பொறுப்பைக் கொடுங்கள். சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய நான்கு ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன என்பதை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குச் சொல்லவும் அப்போது ஒரு சாக்கு கிடைக்கும்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு. கலெக்டர் ஆக வேண்டும். இப்போதிருந்தே எந்தெந்தப் போட்டிகளில் கலந்துகொண்டால் யு.பி.எஸ்.சி. நேர்காணலில் மார்க் வரும்?
(மாணவி, பெரம்பலூர்)

பதில்: பாப்பா, அந்தத் தேர்வில் இறுதிக் கணக்கு 2,025 மதிப்பெண். அதில் நேர்காணல் 275, மீதி 1,750 எழுத்துத் தேர்வு. நேர்காணலுக்கு முன் நிரப்பும் விண்ணப்பத்தில் பரிசுகள், விளையாட்டு, வகித்த பொறுப்பு, பொழுதுபோக்கு எல்லாம் கேட்பார்கள்தான். ஆனால் அதற்குத் தனித்தனியாக மார்க் கிடையாது. நீ எழுதியதிலிருந்து கேள்வி வரும். ‘தோட்டக்கலை’ என்று எழுதினால் செம்பருத்தியில் மாவுப்பூச்சிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். அதனால் பிடித்ததைச் செய். தினமும் செய்தித்தாள் வாசி. உங்கள் ஊர் கிராமசபைக் கூட்டம் நடக்கும்போது அம்மாவோடு போய் உட்கார்ந்து கேள். கலெக்டரிடம் வரும் மனுக்களில் பாதி அங்கேதான் பிறக்கின்றன.

கேள்வி: மகளின் சான்றிதழ்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிடலாமா? எவை பின்னால் தேவைப்படும்?
(ஒரு அப்பா, விருத்தாசலம்)

பதில்: லேமினேட் வேண்டாம். சரிபார்க்கிற இடத்தில் சிலர் அசல் தாளைத் தொட்டுப் பார்ப்பார்கள், பின்பக்கம் முத்திரை போட வேண்டியும் வரலாம். கெட்டி அட்டை ஃபைலில், தாளுக்கு ஒரு உறை என்று வைத்தால் போதும். என்.சி.சி., சாரணர், மாவட்ட, மாநில அளவு விளையாட்டு ஆகியவை தனியாக முதலில். ரங்கோலிப் போட்டி ஆறுதல் பரிசு, தனியார் நடத்திய ‘தேசிய அளவிலான’ ஓவியப் போட்டி, இவை கடைசியில். எறிய வேண்டாம், அவளுக்கு ஆசை இருக்கும். ஒவ்வொரு சான்றிதழுக்குப் பின்னாலும் ஒரு துண்டுத் தாளில், அன்று அவள் என்ன செய்தாள், கூட யார் இருந்தார்கள் என்று அவள் கையாலேயே இரண்டு வரி எழுதி வைக்கட்டும். தேதி தெளிவாக இல்லாத சான்றிதழ் இருந்தால் இந்த வாரமே பள்ளியில் கொடுத்துச் சரி செய்து வாங்கிவிடுங்கள். கையெழுத்துப் போட்ட ஆசிரியர் மாறுதலாகிப் போய்விட்டால் அலைச்சல்.